ஒன்பதாவது விளக்கு

வேண்டாம்மா, எழுந்திருக்காதீங்க. நீங்க பூவைக் கட்டுங்க. நான் இந்தப் படியிலேயே உட்கார்ந்துக்கிறேன். உள்ளே வரக் கூடாது, கையில் இந்தப் பை இருக்கு. உங்க வீட்டுக்காரர், குருக்களய்யா வந்ததும் ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடுவேன். அவர் வர நேரமானாலும் பரவாயில்லை, நீங்க கேட்டுச் சொல்லுங்க. பொம்பளைக்குப் பொம்பளை சொல்றது இன்னும் சுலபம்.

வாசல்ல நிற்கிறவரா? என்னோடு வந்தவர்தான். டாக்டர். கார் அவருடையதுதான். அங்கேயே நிற்கட்டும், நான்தான் நிற்கச் சொன்னேன். நீங்க ஊரிலிருந்து வந்து நாலு மாசம்கூட ஆகலை, ஒரு ஆப்பிரிக்க மனுஷர் திடுதிப்புன்னு உள்ளே வந்தா பயந்துடுவீங்களோன்னுதான். அவருக்கு ஒண்ணும் இல்லை, பழக்கம்தான்.

என் தமிழைக் கேட்டுச் சிரிக்காதீங்க. எங்க தாத்தா ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல்ல கொண்டுவந்த தமிழ் இது. டர்பன்ல தகரக் கொட்டாய்ப் பள்ளிக்கூடத்துல சாயந்தரம் சாயந்தரம் நாலு வகுப்பு படிச்சேன். சாமி பாட்டுப் புத்தகம் படிப்பேன், அவ்வளவுதான்.

பையில் என்னன்னு நீங்க கேட்க மாட்டீங்க. நல்ல வளர்ப்பு. நானே சொல்லிடறேன். ஒரு பால் பவுடர் டப்பா. அதுக்குள்ளே என் மகன் இருக்கான்.

பதறாதீங்கம்மா. பதின்மூணு வருஷத்துச் சாம்பல். அதைக் கடல்ல கரைக்கணும். வர்ற சனிக்கிழமை, புரட்டாசி மூணாம் சனி. யார் கையால கரைக்கிறதுங்கிறதுதான் பேச்சு. கோயில் கமிட்டி ஒண்ணு சொல்லுது, நான் ஒண்ணு சொல்றேன். அதைத்தான் குருக்களய்யா கிட்டக் கேட்க வந்தேன்.

முதல்லேர்ந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

என் பேர் சாலாட்சி. கல்யாணமான புதுசுல தலையில் கூடை வச்சு வெள்ளைக்காரங்க தெருவுல காய்கறி வித்தேன். பின்வாசல்ல நின்னு குரல் கொடுக்கணும். அந்தத் துரைசானிங்க எல்லாருக்கும் நான் 'மேரி'. நான் மட்டும் இல்லை, கூடை தூக்கின எல்லா இந்தியப் பொம்பளையும் மேரிதான். ஆம்பளைன்னா 'சாமி'. என் வீட்டுக்காரர் கடற்கரை ஓட்டல்ல பரிமாறுகிறவர். இடுப்பில் சிவப்புக் கச்சை, கையில் வெள்ளைக் கையுறை. ஐம்பது வயசுலயும் அவரை 'பாய்'னுதான் கூப்பிட்டாங்க. எனக்கு அது தப்பாவே தெரியலைம்மா. மழை பெய்யுது, வெயில் அடிக்குது, வெள்ளைக்காரன் மேரிங்கிறான். அப்படித்தான் இருந்துச்சு.

என் மகனுக்கு அது தப்பாத் தெரிஞ்சுது.

சிவநேசன். வீட்டுல நேசன். எங்க வம்சத்துலயே டாக்டருக்குப் படிக்கப் போன முதல் பிள்ளை. 'வெள்ளையர் அல்லாதவர்'னு போர்டு போட்ட தனிக் கல்லூரி. தமிழன், குஜராத்தி, ஆப்பிரிக்கர், கலப்பினத்தார், எல்லாரும் ஒரே ஹாஸ்டல். அங்கே போய் ரெண்டாவது வருஷம் லீவுக்கு வந்தான், தலைமுடியைப் புதர் மாதிரி வளர்த்துக்கிட்டு. சாப்பாட்டுல உட்கார்ந்து, "அம்மா, நாம கறுப்பர்"ங்கிறான்.

"நல்லாத் தெரியுதுடா, உங்கப்பா நிறம்தானே உனக்கு"ன்னேன் நான்.

"நிறத்தைச் சொல்லல. வெள்ளையர் அல்லாதவர், வெள்ளையர் அல்லாதவர்னு எழுதி வச்சிருக்கான். எவனோ ஒருத்தன் அல்லாதது நாம இல்லம்மா. நாம ஒண்ணு. யார் யாரை அவன் மிதிச்சு வச்சிருக்கானோ அத்தனை பேரும் ஒண்ணு. இந்தியனுக்கு ஒரு தெரு, ஆப்பிரிக்கனுக்கு ஒரு தெருன்னு பிரிச்சு வச்சது அவன். நாம ஏன் அதைப் பத்திரமா வச்சுக் காப்பாத்தணும்?"

"அப்ப நம்ம தமிழ்? நம்ம சாமி?"

"எல்லாம் இருக்கட்டும். யாரும் எதையும் விட வேணாம். இது நம்ம மண்ணும்தான். வடக்கே ஒவ்வொரு நாடா அவங்கவங்க கொடியை ஏத்திட்டாங்க. ஒருநாள் இந்தக் கண்டம் முழுக்க ஒரே ஜனமா நிமிர்ந்து நிற்கும். அப்ப நீ எந்தப் பக்கம் நிற்பே?"

எனக்கு என்ன தெரியும்? "நான் அடுப்புப் பக்கம் நிற்பேன், நீ குழம்பை ஊத்திக்கோ"ன்னேன். அவங்க அப்பா சிரிச்சார். அவர் சிரிச்சு நான் பார்த்தது குறைச்சல்.

அடுத்த லீவுக்கு நேசன் ஒரு கூட்டாளியைக் கூட்டிட்டு வந்தான். பெகி. முழுப் பேர் நீளமா இருக்கும். ஸூலு ஜாதி ஆப்பிரிக்கப் பையன். அப்ப நாங்க அவங்களைச் சொல்ற வார்த்தை ஒண்ணு இருந்துச்சு, இப்ப அதைச் சொன்னா என் மக தேவகி சண்டைக்கு வருவா, அதனால சொல்லலை. அந்தப் பெகி உள்ளே வந்ததும் என்கிட்டக் கேட்டது, "உங்க பேர் என்ன?"ன்னு. பாருங்க, எங்கம்மா செத்ததுக்கப்புறம் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டுக்காரருக்கு நான் 'ஏய்'. தெருவுக்கு நேசன் அம்மா. வெள்ளைக்காரனுக்கு மேரி. இவன் பேரைக் கேட்டுக்கிட்டு, "மா சாலாட்சி"ங்கிறான். அவங்க பாஷையில் 'மா'ன்னா அம்மா. எனக்குக் கோபம் வந்துச்சு. என்ன துணிச்சல்னு நினைச்சேன்.

ஆனா நான் அந்த மாதிரிப் பொம்பளை இல்லைம்மா. யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. அவனுக்கு வயிறு நிறையச் சாப்பாடு போட்டேன், என் கையாலயே போட்டேன். டீயும் கொடுத்தேன். தோட்ட வேலைக்கு வர்றவங்களுக்குன்னு குழாய்கிட்ட ஆணியில் ஒரு இனாமல் குவளை மாட்டியிருக்கும், நீல விளிம்பு போட்டது. எல்லா இந்திய வீட்டுலயும் இருக்கும். அதை நல்லாத் தேய்ச்சுக் கழுவி அதுலதான் கொடுத்தேன். சூடா, சர்க்கரை தூக்கலா.

நேசன் பார்த்தான். அந்தக் குவளையை அவன் கையிலிருந்து வாங்கித் தான் குடிச்சான். தன்னோட வெள்ளி டம்ளரை, தாத்தா பேர் வெட்டினது, அதைப் பெகி கையில் கொடுத்துட்டான். அன்னைக்கிலிருந்து நேசன் எங்க வீட்டுல அந்தக் குவளையைத் தவிர வேறே எதுலயும் தண்ணிகூடக் குடிக்கலை.

நான் அழுதேன். "பெத்தவளை அவமானப்படுத்தறியே"ன்னு கேட்டேன்.

"அம்மா, ஓட்டல்ல அப்பா எதுல டீ குடிக்கிறார்னு கேளு."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். இருபத்தேழு வருஷக் கல்யாணத்துல நான் அதைக் கேட்டதே இல்லை. அவர் தட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னார்: "ஜாம் டப்பா. சமையல்கட்டுக்கு வெளியே வச்சிருப்பாங்க."

அதுக்கப்புறமும் குவளை ஆணியிலேயேதான் இருந்துச்சு. நானும் எடுக்கலை.

தேவகி கதையும் உண்டு. என் மக நிறம் குறைச்சல். வர்ற வரன் எல்லாம் போட்டோவைப் பார்த்துத் திரும்பிப் போச்சு. பள்ளிக்கூடத்துல கறுப்பி, தெருவுல கறுப்பி, ஏன், நானே கோபத்துல சொல்லியிருக்கேன். வெளுக்கிற கிரீம்னு அப்ப ஒண்ணு வித்தாங்க, எல்லாக் கடையிலயும் இருக்கும், நான்தான் வாங்கித் தருவேன். கன்னமெல்லாம் புண்ணாப் போச்சு. நேசன் பார்த்துட்டு, குழந்தைக்குச் செய்யற மாதிரி அவ முகத்தைப் பச்சைத் தண்ணியில் கழுவி விட்டான். "இந்த நிறத்துக்கு என்ன குறைச்சல், தேவு? இதை யார் உனக்கு அசிங்கம்னு சொல்லிக்கொடுத்தது?"ன்னான். அவ என்னைப் பார்த்தா. நான் அரிசி பொறுக்கிக்கிட்டிருந்தேன்.

அந்த ஞாயிறு அவளைத் தன்னோட கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனான். பாடினாங்களாம், கையை முஷ்டியா மடக்கித் தூக்கினாங்களாம். திரும்பி வந்தப்போ அவ நடையே வேறே. முதுகு நேரா இருந்துச்சு. நான் என்ன செய்வேன், சாமி படத்துக்கு முன்னாடி போய் உட்கார்ந்தேன். "தாயே, இந்த ரெண்டையும் காப்பாத்து"ன்னேன். என்னால முடிஞ்சது அது ஒண்ணுதான்.

எழுபத்து மூணுல அந்தத் தடையுத்தரவுப் பேப்பர் வந்துச்சு.

ரெண்டு போலீஸ்காரங்க வந்தாங்க. ஒருத்தன் வெள்ளைக்கார அதிகாரி. இன்னொருத்தர் நம்மவர், சார்ஜென்ட் ராஜமாணிக்கம், ரெண்டு தெரு தள்ளி வீடு, கோயிலுக்கு வர்றவர்தான். வெள்ளைக்காரன் படிச்சான், ராஜமாணிக்கம் எனக்குத் தமிழ்ல சொன்னார். அஞ்சு வருஷம் நேசன் இந்தக் குடியிருப்பை விட்டு வெளியே போகக் கூடாது. காலேஜ் போகக் கூடாது. அவன் எழுதினதை யாரும் அச்சுல போடக் கூடாது. வீட்டாரைத் தவிர ஒரு நேரத்துல ஒரே ஒரு ஆளோடதான் பேசலாம். ரெண்டு பேரானா அது கூட்டம். கூட்டம்னா ஜெயில்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்கக்கா, நான் இருக்கேன்ல"ன்னு ராஜமாணிக்கம் சொல்லிட்டுப் போனார். எனக்கு அது எவ்வளவு ஆறுதலா இருந்துச்சு தெரியுமா?

அப்படியே பின்னறையில் உட்கார்ந்துட்டான் என் பிள்ளை. இருபத்து மூணு வயசு. வாரத்துக்கு ஒருநாள், சனிக்கிழமை, பெகி வருவான். ஒரு ஆள்தானே, அனுமதி உண்டு. கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் காலேஜ் பாடம் படிப்பாங்க. நேசனுக்குப் படிப்பு விட்டுப்போயிடக் கூடாதுன்னு அவன் நோட்டைக் கொண்டுவந்து கொடுப்பான். எனக்கு அது அப்ப பெரிசாத் தெரியலை. என் கண்ணுக்கு அவன்தான் என் பிள்ளையை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தவன்.

புரட்டாசி வந்துச்சு. இங்கே வீட்டுக்கு வீடு விரதம் இருப்போம், உங்க ஊர்லயும் உண்டில்லையா? நான் ஒருவேளைச் சாப்பாடுன்னு இருந்தேன். மூணாம் சனிக்கிழமை வீட்டுல திருவிளக்குப் பூஜை வைக்கணும், ஒன்பது சுமங்கலிங்க ஒன்பது விளக்கேத்தினா பிள்ளைக்கு வந்த கண்டம் விலகும்னு மனசுல தோணிப்போச்சு. நானே வீடு வீடாப் போய்க் குங்குமம் கொடுத்து அழைச்சேன். எட்டு பேர் ஆயிட்டாங்க. ஒன்பதாவதா யாரைக் கூப்பிடறதுன்னு யோசிச்சு, காந்தம்மாவைக் கூப்பிட்டேன். சார்ஜென்ட் ராஜமாணிக்கத்தோட சம்சாரம். எனக்கு அது கெட்டிக்காரத்தனமாப் பட்டுது. போலீஸ்காரர் வீட்டம்மாவே வந்து விளக்கேத்தினா அப்புறம் யார் என்ன சொல்லப் போறாங்க?

கூட்டம்னு நான் நினைக்கவே இல்லைம்மா. கூட்டம்னா அரசியல் பேசறது. நான் சாமிதானே கும்பிட்டேன்?

அன்னைக்குப் பத்து மணிக்கு வழக்கம்போலப் பெகி வந்தான். வாசல்லயே நிறுத்திட்டேன். "இன்னைக்கு எங்க பூஜை, உள்ளே வராதே"ன்னேன். அவன் எட்டிப் பார்த்தான். பொம்பளைங்க குத்துவிளக்கைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொருத்தரா வர்றாங்க. அவன் முகம் மாறிப்போச்சு.

"மா சாலாட்சி, எத்தனை பேர்?"

"ஒன்பது பேர்."

"இன்னைக்கு வேணாம் மா. தயவுசெஞ்சு வேணாம். நேசனைப் பின்னாடி வீட்டுக்காவது அனுப்பிடுங்க. இது ஆபத்து."

சாமி காரியத்தை வேணாம்ங்கிறானே, உனக்கு என்ன தெரியும் எங்க முறைன்னு சொல்லிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். அவன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்னான். அப்புறம் போனான்.

நல்லபடியா நடந்துச்சு பூஜை. ஒன்பது விளக்கும் எரிஞ்சப்போ வீடே பொன்னா இருந்துச்சு. நூத்தெட்டுப் போற்றி சொன்னோம். பாதிப் போற்றியில் காந்தம்மா எழுந்துட்டா. "அக்கா, அடுப்புல பால் வச்சுட்டு வந்துட்டேன், பொங்கிடும்"னா. பாவம், பிரசாதம்கூட வாங்கலை, விளக்கை அப்படியே விட்டுட்டு ஓடினா. அது அணைஞ்சுடக் கூடாதேன்னு நான்தான் எண்ணெய் விட்டுக்கிட்டே இருந்தேன்.

கற்பூரம் காட்டற நேரம். நேசன் பின்னறையிலேயே இருந்தான். நான் போய்க் கதவைத் தட்டினேன். "ஒரு நிமிஷம் வந்து ஒத்திக்கிட்டுப் போடா."

"வரக் கூடாதும்மா. உனக்கே தெரியும்."

"கற்பூரத்துக்குமா சட்டம்? மூணு வாரமா உனக்காகப் பட்டினி கிடக்கிறேன். அம்மாவுக்காக ஒருதடவை வா."

என்னை ஒருமாதிரிப் பார்த்தான். குழந்தையில் காய்ச்சல் மருந்து கொடுக்கறப்போ பார்ப்பான் அப்படி. வந்தான். சட்டையைக் கழட்டிட்டு, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு வந்து நின்னான். கற்பூரத்து மேலே கையை வச்சான்.

கதவைத் தட்டினாங்க.

வெள்ளைக்கார அதிகாரி ஷூவோட விளக்குக்கு நடுவுல வந்து நின்னான். விரலை நீட்டி ஒவ்வொரு தலையா எண்ணினான். நாங்க பாடின காகிதத்தைச் சுருட்டிப் பையில் வச்சுக்கிட்டான், சாட்சியமாம். நேசன் சட்டைகூடப் போடலை. நெத்தியில் திருநீறோட கூட்டிட்டுப் போனாங்க. சார்ஜென்ட் ராஜமாணிக்கம் உள்ளே வரலை. வாசல்லயே நின்னார், எங்க முகத்தைப் பார்க்க அவருக்குச் சங்கடமா இருந்திருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

கோர்ட்டுல என்னை விசாரிச்சாங்க. "நான் சாமிதான் கும்பிட்டேன் ஐயா"ன்னேன். நீதிபதி, பத்துப் பேர் ஒரு இடத்துல சேர்ந்து ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னா அது கூட்டம்தான்னார். ஆறு மாசம்.

நான் யோசிச்சேன். ராப்பகலா யோசிச்சேன். யார் சொல்லியிருப்பா? அன்னைக்கு வாசல்ல நின்னு எத்தனை பேர்னு கேட்டது யாரு? உள்ளே விடலைங்கிற கோபம் யாருக்கு இருந்திருக்கும்? எனக்குச் சந்தேகமே இல்லை. நம்ம ஜனங்க செய்ய மாட்டாங்க. தெரு முழுக்கச் சொன்னேன். பெகி ஒருதடவை பார்க்க வந்தான், நேசனுக்கு ஜெயிலுக்குக் கொடுக்கன்னு ஒரு கம்பளி கொண்டுவந்தான். கதவைத் திறக்காமலேயே, "நீதான் காட்டிக் கொடுத்தே, போ"ன்னேன். கம்பளியைப் படியில் வச்சுட்டுப் போனான்.

ஆறு மாசம் கழிச்சு என் பிள்ளை வந்தான், எலும்பும் தோலுமா. சோறு போட்டுக்கிட்டே சொன்னேன், "உன் ஆப்பிரிக்கக் கூட்டாளிதான்டா உன்னை மாட்டிவிட்டது. இனிமேலாவது நம்ம ஜனங்களோட இரு"ன்னு.

அவன் கையைக் கழுவிட்டான். பாதிச் சோறு அப்படியே இருக்கு. "அம்மா, அன்னைக்கு யார் நடுவுல எழுந்து போனதுன்னு நீ யோசிக்கவே இல்லையா?"

"நம்ம பொம்பளைங்களை நான் எதுக்குடா சந்தேகப்படணும்?"

ஒரு வாரம் வீட்டுல இருந்தான். ஒருநாள் காலையில் அந்த இனாமல் குவளையைக் கழுவித் துடைச்சு ஆணியில் மாட்டினான். என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். கடைக்குத்தான் போறான்னு நினைச்சேன். பெகியும் அவனுமா எல்லையைத் தாண்டிப் போயிட்டாங்க. தான்சானியான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. தங்கச்சிக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை யார் யார் கை மாறியோ ஒரு கடுதாசி வரும். எனக்குன்னு ஒரு வரிகூட இல்லை. 'அம்மா சாப்பிடறாங்களா'ன்னு மட்டும் கேட்டிருப்பான்.

எண்பத்தொண்ணுல தேவகிக்கு ஒரு கடுதாசி வந்துச்சு, லண்டன் ஸ்டாம்பு ஒட்டி. நேசன் காய்ச்சல்ல போயிட்டான்னு. நான் நம்பலை. உடம்பைப் பார்க்காம எப்படி நம்பறது? எங்க வீட்டுக்காரர் நம்பினார். அவர் அதுக்கப்புறம் ஒரு வருஷம்தான் இருந்தார். நான் திருநீறு வச்சுக்கிட்டுப் புரட்டாசிக்குப் புரட்டாசி ஒரு விளக்கேத்திக்கிட்டு, பிள்ளை வருவான்னு இருந்தேன்.

நீங்க ஏன் வாசலையே பார்க்கறீங்க? அவர் நிற்பார்மா. எனக்கு மோர் கொடுத்தீங்களே, புண்ணியம். வெயில் இந்த வருஷம் அதிகம்தான்.

இந்த வருஷம் ஓட்டு வந்துச்சு. அறுபத்து நாலு வயசுல என் முதல் ஓட்டு. வெள்ளைக்காரியும் வரிசையில் நின்னா, தோட்டக்காரரும் நின்னார், நானும் நின்னேன். எனக்கு முன்னாடி ஒரு ஆப்பிரிக்கக் கிழவி அழுதுக்கிட்டே நின்னா. எனக்கு நேசன் ஞாபகம் வந்துச்சு. நீ எந்தப் பக்கம் நிற்பேன்னு கேட்டானே.

ரெண்டு மாசம் கழிச்சு ஒருநாள் காலையில் கதவைத் தட்டற சத்தம். நரைச்ச தலை, ஒரு கால் கொஞ்சம் இழுத்து நடக்கிற மனுஷர். கையில் பை.

"அம்மா, நேசனைக் கூட்டிட்டு வந்திருக்கேன்"ன்னார். தமிழ்ல 'அம்மா'ன்னார்.

நான் அவர் முதுகுக்குப் பின்னாடி பார்த்தேன். தெருவைப் பார்த்தேன். காருக்குள்ளே பார்த்தேன். "எங்கே? எங்கே?"ன்னேன்.

அவர் பையைத் திறந்தார்.

பெகிதான், உங்க வாசல்ல நிற்கிற இவர்தான். ரெண்டு பேரும் தான்சானியாவுல ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்திருக்காங்க. நேசனுக்கு மூளைக்காய்ச்சல், நாலே நாள். அங்கே இந்துக்களுக்குன்னு ஒரு சுடுகாடு உண்டாம், குஜராத்திங்க கட்டினது. அங்கே இருந்த பெரியவர், கொள்ளி வைக்க யார் இருக்கான்னு கேட்டிருக்கார். "நான் இருக்கேன்"னு இவர் முன்னாடி போனாராம். "நீ யாரு அவனுக்கு?"ன்னு கேட்டிருக்கார் பெரியவர். "அண்ணன்"னு சொல்லியிருக்கார். பெரியவர் இவரை மேலும் கீழும் பார்த்துட்டு, ஒரு வேட்டியைக் கொடுத்தாராம். பாதிச் சாம்பலை அங்கே கடல்ல கரைச்சுட்டு, பாதியை இந்த டப்பாவுல போட்டு வச்சிருக்கார். வீடு மாறி, ஊர் மாறி, பதின்மூணு வருஷம் கட்டிலுக்குத் தலைமாட்டுல. "அம்மா மண்ணுல கொண்டுபோய்ச் சேர்க்கணும்னு இருந்தேன்"ன்னார்.

புரட்டாசி சனிக்கிழமையானா நேசன் ஒரு மருந்துக்குப்பி மூடியில் எண்ணெய் விட்டுத் திரி போடுவானாம். அவன் போன பிறகும் இவர் போடறாராம். எதுக்குன்னு தெரியாது, அவன் செஞ்சான், நானும் செய்யறேன்னார்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா, அம்மா? மேஜை மேலே டப்பா இருக்கு. என் பிள்ளை அதுக்குள்ளே இருக்கான். அப்பவும் கேட்டேன். "அன்னைக்கு நீதான் சொன்னியா?"ன்னு.

"இல்லைம்மா"ன்னார். அவ்வளவுதான். யார்னு அவர் சொல்லலை. நானும் கேட்கலை.

சாம்பல் கரைக்கிறதைப் பத்திக் கோயில்ல சொல்லணுமே. கமிட்டிச் செயலாளர் இப்ப ராஜமாணிக்கம்தான், உங்களுக்குத் தெரியும், ரிட்டயர் ஆகி இதைப் பார்த்துக்கிறார். நேத்து அவர் வீட்டுக்குப் போனேன். கொள்ளி வச்ச கைதானே கரைக்கணும், பெகி உட்காரட்டும்னேன். முகத்தைச் சுளிச்சார். "அக்கா, அதெல்லாம் நம்ம முறை இல்ல. வேத்து ஆளை மந்திரத்துல உட்கார வைக்க முடியாது. தேவகி வீட்டுக்காரர் இருக்கார்ல, அவர் செய்யட்டும். நடந்ததெல்லாம் நடந்துபோச்சு, எதுக்குப் பழசைக் கிளறணும்?"னார்.

நான் காந்தம்மாவைப் பார்த்தேன். பொம்பளை, பிள்ளை பெத்தவ, எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவான்னு பார்த்தேன். அவ என் முகத்தைப் பார்க்கலை. என் கையில் இருந்த பையைத்தான் பார்த்தா. சட்டுன்னு எழுந்து, "அடுப்புல பால் வச்சிருக்கேன்க்கா"ன்னு உள்ளே போனா.

அவங்க சமையலறை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியும்மா. அடுப்பு தெரியும். அடுப்புல ஒண்ணும் இல்லை.

நான் வீட்டுக்கு நடந்தே வந்தேன். ரெண்டு தெரு வர அவ்வளவு நேரமாச்சு. இருபத்தோரு வருஷமா அந்தப் பால் பொங்கிக்கிட்டே இருந்திருக்கு, எனக்கு வாடையே வரலை. அவ விட்டுட்டுப் போன விளக்குக்கு என் கையால எண்ணெய் விட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேனே. என் பிள்ளை கேட்டானே, யார் எழுந்து போனதுன்னு. சோத்துக்கு முன்னாடி உட்கார்ந்து கேட்டானே.

நான் சாமிதானே கும்பிட்டேன்னு இத்தனை வருஷம் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு வந்தேன். சாமி கும்பிட்டதுல தப்பு இல்லைம்மா. வேணாம்னு ஒருத்தன் கெஞ்சினான், அவன் யாருன்னு பார்த்து நான் காதை மூடிக்கிட்டேன். அதைக் காந்தம்மா செய்யலை. அவ புருஷன் செய்யலை. அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டது என் கை.

குருக்களய்யா கிட்டச் சொல்லுங்க. அவர் இங்கே சம்பளத்துக்கு வந்தவர், கமிட்டியை மீற முடியாதுன்னு எனக்குத் தெரியும். வற்புறுத்தலை. மந்திரம் சொல்ல வந்தார்னா சந்தோஷம். வரலைன்னாலும் சனிக்கிழமை விடியறப்போ நாங்க கடலுக்குப் போயிடுவோம். எனக்கு நூத்தெட்டுப் போற்றி மனப்பாடம். நான் சொல்றேன், அவன் அண்ணன் கரைக்கட்டும்.

இன்னும் அவர்கிட்ட நான் ஒண்ணும் சொல்லலைம்மா. நேத்து ராத்திரி முழுக்க வார்த்தை தேடினேன், கிடைக்கலை. இன்னைக்குக் கார்ல வர்றப்போகூட வாயைத் திறந்தேன், "இடதுபக்கம் திருப்புங்க"ன்னுதான் வந்துச்சு. வந்து இறங்கினதும் என்ன சொன்னேன்? நீங்க வாசல்லயே நில்லுங்கன்னு சொன்னேன். எனக்கே இப்பத்தான் காதுல விழுது.

எவ்வளவு நேரமா நிற்கிறார் பாருங்க. கால் வேறே சரியில்லை.

இன்னும் கொஞ்சம் மோர் இருக்கா? இருந்தா ஊத்துங்க. வேறே டம்ளர் வேண்டாம்மா. இதுலயே, நான் குடிச்சதுலயே ஊத்துங்க. கழுவ வேண்டாம்.

நீங்க இருங்க, நானே கொண்டுபோறேன். இந்தக் கையில் டப்பா, அந்தக் கையில் டம்ளர். முடியும்மா, சின்னவன் கனமே இல்லை.

கதவை மட்டும் கொஞ்சம் திறந்து விடுங்க.